பகலுக்குத் துணி, ராத்திரிக்கு டயப்பர் - ஒரு சின்ன வரலாறு

போன மாதம் ரயில் தண்டவாளத்தின் அகலத்தைப் பற்றி எழுதியதற்கே "உனக்கு வேற வேலையே இல்லையாடா?" என்று கேட்ட வகுப்புத் தோழர்கள், இந்தத் தலைப்பைப் பார்த்ததும் என்ன சொல்வார்கள் என்று எனக்கே தெரியும். கல்யாணம் ஆகாத, இன்னும் இரண்டு அரியர் பாக்கி வைத்திருக்கிற ஒருவன் டயப்பரைப் பற்றிக் கட்டுரை எழுதுவது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் காரணம் இருக்கிறது.

செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். பிரசவத்துக்கு வந்த அக்கா இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பாப்பாவுக்கு நான்கு மாதம். பகலெல்லாம் சிரித்த முகமாக இருக்கும் அந்த மகராசி ராத்திரி ஆனால் இரண்டு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை என்று அலாரம் வைத்த மாதிரி நனைத்துவிட்டு அழுவாள். தாய்மாமனுக்கும் சேர்த்துத்தான் தூக்கம் போனது. மூன்றாவது நாள் காலையில் அடுப்படியில் பஞ்சாயத்து ஆரம்பித்தது.

"ராத்திரி மட்டும் டயப்பர் போட்டுக்கறேம்மா. நாலு தடவை எந்திரிச்சுத் துணி மாத்தி எனக்குத் தலையே சுத்துது."

"பிள்ளைக்கு வெந்து போயிடும்டி. உங்க ரெண்டு பேரையும் உங்கப்பாவோட பழைய வேட்டியைக் கிழிச்சுத்தான் வளர்த்தேன். என்ன குறைஞ்சு போச்சு?"

இதுவரைக்கும் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அப்பத்தா உள்ளே திரும்பிப் பார்க்காமலேயே ஒரு கேள்வி கேட்டது.

"வளர்த்தது நீதான். துவைச்சது யாரு?"

அம்மா அதற்கப்புறம் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரியே நான் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். பகலில் வேட்டித் துணி, ராத்திரியில் டயப்பர் என்று சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது.

அப்பத்தாவின் கேள்வி மட்டும் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. சரி, இந்த டயப்பர் எங்கிருந்துதான் வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். முதலில் எல்லாரும் துணி கட்டினார்கள், பிறகு ஒரு கம்பெனி காகித டயப்பர் கண்டுபிடித்தது, துணி ஒழிந்தது, அவ்வளவுதான் கதை என்று நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் கதை அப்படி நேர்கோட்டில் போகவே இல்லை. துணியும் காகிதமும் சேர்ந்தே இருந்த காலங்கள்தான் அதில் அதிகம். எங்கள் வீட்டு ஒப்பந்தத்துக்கு முன்னோடிகள் நிறைய இருக்கிறார்கள்!

ஊக்கும் கம்பளியும்

டயப்பர் என்பது முதலில் ஒரு நெசவின் பெயர். சின்னச் சின்ன வைர வடிவக் கட்டங்கள் திரும்பத் திரும்ப வருகிற மாதிரி நெய்த துணிக்கு மத்திய கால ஐரோப்பாவில் இருந்த பெயர் அது. அந்த வகைத் துணியைக் குழந்தைக்குக் கட்டப்போய், கடைசியில் நெசவின் பெயர் மறைந்து குழந்தைத் துணியின் பெயர் மட்டும் அமெரிக்காவில் நின்றுவிட்டது. இங்கிலாந்தில் இதையே நாப்பி என்பார்கள். அது நாப்கினின் செல்லச் சுருக்கம்.

இந்தத் துணியை இடுப்பில் நிறுத்துவதற்கு உதவிய சாமான் ஊக்கு. நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹன்ட் என்பவர் 1849 ஏப்ரல் 10-ந் தேதி இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு முனையில் சுருளாக வளைத்த கம்பி, மறுமுனையில் கூர்முனையை மறைக்கும் மூடி. பதினைந்து டாலர் கடனை அடைக்கத்தான் இதைச் செய்தார் என்றும், உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்றும் சொல்வார்கள். இன்றைக்கு உலகத்தில் ஊக்கு இல்லாத வீடு உண்டா? பாவம் மனுஷன்.

எனக்குச் சுவாரசியமாகப் பட்ட விஷயம் வேறு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முழுக்க முழுக்கத் துணியே இருந்த காலத்தில்கூட, பகலுக்குக் கட்டியது வேறு, ராத்திரிக்குக் கட்டியது வேறு. பகலில் ஒற்றைத் துணி போதும், நனைந்தால் உடனே மாற்றலாம். ராத்திரிக்கு இரண்டு மூன்று துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக் கட்டி, அதற்கு மேல் கம்பளி நூலில் பின்னிய ஒரு ஜட்டியைப் போடுவார்கள். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. ஆட்டு ரோமத்தில் இருக்கும் இயற்கையான மெழுகு தண்ணீரை வெளியே விடாமல் தடுக்கும். காற்று மட்டும் போய் வரும். இதைக் கண்டுபிடித்த விஞ்ஞானி யாரும் இல்லை, வீட்டுப் பெண்கள் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

பிறகு ரப்பர் ஜட்டி வந்தது. சொட்டுக்கூட வெளியே வராது. ஆனால் காற்றும் உள்ளே போகாது. குழந்தை தன் ஈரத்திலேயே வேகும். அம்மா சொன்ன "வெந்து போயிடும்" என்ற வார்த்தைக்கு அந்தக் காலத்து அமெரிக்க அம்மாக்களும் தலையாட்டியிருப்பார்கள்.

ஆக, ராத்திரிதான் டயப்பருக்கு வைக்கிற நிஜமான பரீட்சை. பகலில் எந்தத் துணியும் பாஸ் ஆகிவிடும்.

துவைத்தது யார்?

பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது துணி மாற்ற வேண்டும். வாரத்துக்கு எழுபது. மலத்தை உதறி, ஊறப்போட்டு, கொதிக்கவைத்து, கசக்கி, அலசி, பிழிந்து, காயப்போட்டு, மடிக்க வேண்டும். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் காயாது. நாம் படிக்கிற வரலாற்றுப் புத்தகங்களில் நெப்போலியன் எத்தனை பீரங்கி வைத்திருந்தான் என்று இருக்கும். அவன் வயசில் கட்டிய துணியை யார் துவைத்தார்கள் என்று இருக்காது.

இந்த வேலையைக் காசு கொடுத்து வெளியே தள்ளலாம் என்று அமெரிக்க நகரங்களில் 1930களில் ஒரு தொழில் வளர்ந்தது. டயப்பர் சலவை நிறுவனங்கள். வண்டியில் வந்து அழுக்குத் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு, வெளுத்து மடித்த துணிக் கட்டை வைத்துவிட்டுப் போவார்கள். நம் ஊரில் வீட்டுக்கு வீடு வந்து துணி எடுத்துப் போனவர்களை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதேதான். இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். விமானத்துக்கு ஆணி அடித்துவிட்டு வீட்டுக்கு வரும் அம்மாவுக்கு எழுபது துணியைத் துவைக்க நேரமேது? இந்தத் தொழில் நன்றாகச் சூடுபிடித்தது.

அப்பத்தாவின் கேள்விக்கு வரலாறு தந்த முதல் பதில் இது. அம்மா துவைக்க முடியாவிட்டால் சலவைத் தொழிலாளி துவைப்பார். வேலை மறையவில்லை, கை மாறியது.

பாராசூட் துணியில் இரண்டு பெண்கள்

போர் முடிந்ததும் அட்லாண்டிக் கடலின் இரண்டு கரையிலும், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு அம்மாக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

முதலாமவர் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் வாழ்ந்த மரியன் டோனவன். அப்பாவும் சித்தப்பாவும் தொழிற்சாலை வைத்திருந்ததால் சின்ன வயதிலிருந்தே இயந்திரங்களுக்கு நடுவே வளர்ந்தவர். குழந்தை படுக்கையை நனைக்க நனைக்க விரிப்பை மாற்றி அலுத்துப்போய், 1946-ல் குளியலறைத் திரையைக் கழற்றி வெட்டித் தைத்தார். துணி டயப்பரை உள்ளே வைத்து மேலே போடும் உறை அது. பிறகு திரைக்குப் பதிலாகப் போரில் மிஞ்சிய பாராசூட் நைலானைப் பயன்படுத்தினார். ஊக்குக்குப் பதிலாக அழுத்துப் பொத்தான் வைத்தார். ரப்பர் ஜட்டி மாதிரி இது குழந்தையை வேகவைக்கவில்லை. படகு மாதிரி இருக்கிறதென்று 'போட்டர்' என்று பெயர் வைத்தார். எந்த உற்பத்தியாளரும் சீண்டவில்லை. தானே செய்து 1949-ல் நியூயார்க்கின் பெரிய கடையான ஸாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூவில் விற்றார். அமோக விற்பனை. 1951-ல் காப்புரிமை கிடைத்ததும் உரிமையைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார். (வால்டர் ஹன்டின் ஆவி இதைப் பார்த்திருந்தால் அழுதிருக்கும்.)

அடுத்ததாக, முழுக்கக் காகிதத்திலேயே தூக்கி எறிகிற டயப்பர் செய்யலாம் என்று அவர் காகிதக் கம்பெனிகளிடம் போய்ச் சொன்னார். அப்படி ஒன்று தேவையே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கூட்டங்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் ஒரு துணியாவது துவைத்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் :-) டோனவன் 1998-ல் காலமானார். 2015-ல்தான் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் கௌரவ மன்றத்தில் அவர் பெயர் சேர்ந்தது.

இரண்டாமவர் இங்கிலாந்தின் வாலரி ஹன்டர் கார்டன். கணவர் ராணுவ அதிகாரி. 1947-ல் மூன்றாவது குழந்தை பிறந்ததும் இனிமேல் நாப்பி துவைக்க முடியாது என்று முடிவுக்கு வந்தார். தூக்கி எறிகிற மாதிரி ஏதாவது கடையில் கிடைக்கும் என்று தேடினார், கிடைக்கவில்லை. அவரும் பாராசூட் நைலானைத்தான் எடுத்தார். அதில் பொத்தான் வைத்த ஒரு வெளி ஜட்டி. உள்ளே காகிதக் கூழ்த் தாளும் பஞ்சும் வைத்த ஒரு பட்டை. நனைந்தால் பட்டையை எறிந்துவிட்டு ஜட்டியைத் துடைத்து மறுபடி போடலாம். மற்ற ராணுவக் குடும்பத்துப் பெண்கள் பார்த்துவிட்டு எனக்கு, எனக்கு என்று கேட்க, வீட்டு மேசையிலேயே நானூறுக்கும் மேல் தைத்துக் கொடுத்தார். 'பேடி' என்ற பெயரில் செஸ்டர்ஃபீல்டைச் சேர்ந்த ராபின்சன் கம்பெனி தயாரித்து, 1950-ல் பூட்ஸ் மருந்துக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. அவர் 2016-ல், 94 வயதில் காலமானார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டோனவன் செய்தது துணியைத் தூக்கி எறியாமல் அதற்கு நல்ல உறை. ஹன்டர் கார்டன் செய்தது உறையைத் தூக்கி எறியாமல் உள்ளே காகிதம். இரண்டிலுமே மீள்பயன்பாடு இருந்தது. இன்றைக்குக் கலப்பு டயப்பர் என்று புதிய கண்டுபிடிப்பு மாதிரி விற்கிறார்களே, வெளியே துவைக்கும் உறை, உள்ளே எறியும் பட்டை, அது 1947-ம் வருஷச் சரக்கு. எதைத் துவைப்பது சுலபம், எதைத் துவைப்பது கொடுமை என்று துவைத்தவர்களுக்குத் தெரியும். கொடுமையான பகுதியை மட்டும் வெட்டி எறிந்தார்கள்.

பியோரியா நகரத்துப் பத்து சென்ட்

காகித டயப்பர் அதற்கு முன்பே இல்லாமல் இல்லை. போர்க்காலத்தில் பருத்தித் தட்டுப்பாடு இருந்த சுவீடனில், 1940களில் பௌலிஸ்ட்ரோம் காகித ஆலை காகிதக் கூழ்ப் பட்டைகளைத் தயாரித்தது. அமெரிக்காவில் 'சக்ஸ்' என்று ஒன்று விற்றது. ஆனால் அதை யாரும் தினசரி பயன்படுத்தவில்லை. ரயில், கார் என்று வெளியூர் போகும்போது மட்டும் வாங்குவார்கள். வீட்டில் துணி, பயணத்தில் காகிதம். பார்த்தீர்களா, இதுவும் கலவைதான்! 1950களின் நடுவில் அமெரிக்காவில் மாற்றப்பட்ட டயப்பர்களில் ஒரு சதவீதம்கூடக் காகிதம் கிடையாது.

பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியின் வேதிப் பொறியாளர் விக்டர் மில்ஸ், பேரக்குழந்தைக்குத் துணி மாற்றும் வேலை மாட்டியபோது நொந்துபோனார். கம்பெனி 1957-ல் ஒரு காகித ஆலையை வாங்கியிருந்தது. அதைவைத்து என்ன செய்யலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம். (ஒரு ஆண், அதுவும் தாத்தா, துணி மாற்றியவுடன் ஒரு பெரிய கம்பெனியில் ஆராய்ச்சிக் குழுவே உருவாகிவிட்டது என்பதையும் குறித்துக்கொள்ளவும்.)

முதல் மாதிரியை டல்லஸ் நகரத்து வெயிலில் சோதித்தார்கள். பிளாஸ்டிக் ஜட்டிக்குள் வைத்த பட்டை. சூடு தாங்காமல் பெற்றோர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மாற்றி வடிவமைத்து, 1959-ல் 37,000 டயப்பர்களைக் கையாலேயே செய்து நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் கொடுத்தார்கள். பிடித்திருந்தது. 1961 டிசம்பரில் இல்லினாய் மாநிலத்தில் உள்ள பியோரியாவில் பாம்பர்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. விலை ஒன்று 10 சென்ட்.

அங்கேதான் சறுக்கியது. சலவை நிறுவனத்தில் ஒரு துணிக்குச் சுமார் மூன்றரை சென்ட்தான். வீட்டில் துவைத்தால் ஒன்றிரண்டு சென்ட். சாமான் நல்லா இருக்கு, ஆனா இந்த விலைக்கு தினமும் கட்டாது என்று ஜனங்கள் ஒதுங்கினார்கள். பிரமாண்டமான இயந்திரங்களை வடிவமைத்து உற்பத்திச் செலவைக் குறைத்து 6 சென்ட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பாம்பர்ஸ் ஓட ஆரம்பித்தது.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். வீட்டில் துவைத்தால் ஒன்றிரண்டு சென்ட் என்ற கணக்கில் சோப்பும் தண்ணீரும் மின்சாரமும்தான் இருக்கும். துவைக்கிற ஆளின் சம்பளம் பூஜ்யம். அதைச் சேர்த்திருந்தால் 10 சென்ட்டே மலிவாக இருந்திருக்கும்.

ராத்திரியைப் பிடித்த தூள்

இருந்தாலும் அந்தக் காலத்துக் காகித டயப்பரும் ராத்திரிப் பரீட்சையில் பார்டர் மார்க்தான். உள்ளே இருந்தது காகிதக் கூழ்ப் பஞ்சு. அது ஸ்பாஞ்ச் மாதிரி. ஈரத்தை உறிஞ்சும், அழுத்தினால் விட்டுவிடும். குழந்தை புரண்டு படுத்தால் போச்சு. அதிகம் உறிஞ்ச வேண்டுமானால் தடியாகச் செய்ய வேண்டும். தலையணை கட்டிய மாதிரி இருக்கும்.

இதை மாற்றியது ஒரு வெள்ளைத் தூள். தற்செயலைப் பாருங்கள், இதன் கதையிலும் பியோரியா வருகிறது. அங்கே அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. மக்காச்சோள மாவுச்சத்தோடு செயற்கை பாலிமரை ஒட்டவைத்து, தன் எடையைப் போல் பல நூறு மடங்கு தண்ணீரைக் குடிக்கும் ஒரு பொருளை அங்கே உருவாக்கினார்கள். 1970களில் இது 'சூப்பர் ஸ்லர்ப்பர்' என்ற பெயரில் பிரபலமானது. வறண்ட மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைக்கும், விதைக்குப் பூசலாம் என்றெல்லாம் யோசித்தார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த சோடியம் பாலிஅக்ரிலேட்தான் பிறகு டயப்பருக்குள் நுழைந்தது.

நம் கெமிஸ்ட்ரி வாத்தியார் பாணியில் சுருக்கமாகச் சொல்கிறேன். இது நீளமான சங்கிலிகள் அங்கங்கே முடிச்சுப் போட்ட வலை. தண்ணீர் பட்டால் சங்கிலியில் உள்ள எதிர்மின் தொகுதிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரியும், தண்ணீர் உள்ளே பாயும். முடிச்சு இருப்பதால் கரைந்து ஓடாது, ஜெல்லாக நிற்கும். சிறுநீரில் உப்பு இருப்பதால் சுத்தமான தண்ணீரைக் குடிக்கிற அளவுக்குக் குடிக்காது, சுமார் முப்பது மடங்குதான். ஆனால் முக்கியமான குணம், மேலே அழுத்தினாலும் லேசில் விடாது. குழந்தை புரளட்டும், குப்புறப் படுக்கட்டும், ஈரம் உள்ளேயே இருக்கும், தோல் காய்ந்திருக்கும்.

ஜப்பானில் 1970களின் கடைசியில் முதலில் பெண்களுக்கான மாதவிடாய்ப் பட்டைகளில் இதைப் போட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய டயப்பர்களிலும், 80களின் நடுவில் அமெரிக்க டயப்பர்களிலும் வந்தது. டயப்பரின் தடிமன் பாதியாகக் குறைந்தது. முதல்முறையாக ஒரு குழந்தை ராத்திரி முழுக்க ஒரே டயப்பரில் தூங்க முடிந்தது. துணியால் இதைச் செய்யவே முடியாது. பருத்தி எவ்வளவு உறிஞ்சினாலும் ஈரம் தோலை ஒட்டியே இருக்கும்.

துணிக்கும் காகிதத்துக்கும் இடையே பகல் ராத்திரி என்ற கோடு அறிவியல் ரீதியாகவே விழுந்தது இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். பகலில் நனைந்த உடனே மாற்ற ஆள் இருக்கிறது, துணியே போதும். ராத்திரியில் மாற்ற ஆள் தூங்க வேண்டும், தூள் தேவைப்படுகிறது.

சீனாவில் விற்ற தூக்கம்

இந்தக் கோட்டை வியாபாரிகளும் புரிந்துகொண்டார்கள். பிராக்டர் அண்ட் கேம்பிள் 1998-ல் சீனாவுக்குப் பாம்பர்ஸைக் கொண்டுபோனது. சீனக் குழந்தைகள் வழக்கமாகப் போடுவது காய்டாங்கு, அதாவது அடியில் திறந்திருக்கும் கால்சட்டை. குழந்தை உட்கார்ந்தால் தானே விரியும். சிறு வயதிலேயே சத்தம் கொடுத்துப் பழக்கிவிடுவார்கள். டயப்பர் என்ற தேவையே இல்லாத ஊர். மலிவாக ஒரு சுமார் ரகத்தை இறக்கிப் பார்த்தார்கள், எடுபடவில்லை.

2007-ல் உத்தியை மாற்றினார்கள். உலர்ந்திருக்கிறது, சுத்தமானது என்று சொல்வதை விட்டுவிட்டு, 'தங்கத் தூக்கம்' என்று விளம்பரம் செய்தார்கள். எங்கள் டயப்பர் போட்ட குழந்தை 30 சதவீதம் சீக்கிரம் தூங்குகிறது, இடையில் விழிப்பது பாதியாகக் குறைகிறது என்று பெய்ஜிங் குழந்தைகள் மருத்துவமனையின் தூக்க ஆய்வு மையத்தோடு சேர்ந்து செய்த ஆராய்ச்சியைக் காட்டினார்கள். கம்பெனி சம்பந்தப்பட்ட ஆராய்ச்சி என்பதால் ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பகலை விட்டுவிட்டு ராத்திரியைக் கேட்டார்கள், கதவு திறந்தது. நம் ஊர்ப் பெட்டிக்கடையில்கூட ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை ஒற்றை டயப்பராகத் தொங்குகிறதே, அது யாருக்காக? ராத்திரிக்கு ஒன்று வாங்குகிறவர்களுக்காகத்தான்.

கணக்குச் சண்டை

இனி குப்பைக்கு வருவோம். 1980களின் இறுதிக்குள் அமெரிக்காவில் காகித டயப்பர்தான் பெரும்பான்மை. குப்பைமேடுகள் நிரம்புகின்றன என்று கூச்சல் எழுந்தது. துணி நல்லதா, காகிதம் நல்லதா என்று ஆராய்ச்சிகள் வந்தன. 1990-ல் பிராக்டர் அண்ட் கேம்பிள் பணத்தில் நடந்த ஆராய்ச்சி, துவைக்கும் தண்ணீரையும் மின்சாரத்தையும் காட்டித் துணியைக் குறை சொன்னது. 1991-ல் டயப்பர் சலவை நிறுவனங்களின் சங்கம் பணம் கொடுத்த ஆராய்ச்சி காகிதத்தைக் குறை சொன்னது. ஆச்சரியமே இல்லை :-)

நடுநிலையாக நம்பக்கூடியது பிரிட்டன் அரசின் சுற்றுச்சூழல் முகமை செய்தது. 2005-ல் வந்து 2008-ல் திருத்தப்பட்டது. ஒரு குழந்தைக்கு இரண்டரை வருஷத்துக்குக் காகிதம் என்றால் சுமார் 550 கிலோ கார்பன் டை ஆக்சைடு, துணி என்றால் சராசரியாக 570 கிலோ. கிட்டத்தட்ட சமம். ஆனால் உள்ளே ஒரு விஷயம் இருந்தது. இயந்திரத்தை நிறைத்துத் துவைத்து, கொடியில் காயப்போட்டு, அதே துணியை அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் கணக்கு 40 சதவீதம் இறங்கும். கொதிக்கும் நீரில் துவைத்து, மின்சார உலர்த்தியில் காயவைத்தால் எகிறிவிடும். 2023-ல் பிரிட்டன் அரசு வெளியிட்ட புதிய ஆய்வில் துணியின் கார்பன் காகிதத்தைவிடக் கால் பங்கு குறைவு என்று வந்தது.

ஆக, துணியின் பாவம் துணியில் இல்லை, காயவைக்கிற விதத்தில் இருக்கிறது. எங்கள் மொட்டை மாடியில் ஒரு கொடியும் ஒரு சூரியனும் இருக்கின்றன. பிரிட்டன்காரனின் பெரிய செலவு நமக்கு ஓசி. அதற்காகக் குதிக்கவும் முடியாது. ஐப்பசி அடைமழையில் எதுவும் காயாது. 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களிடம் போய்த் துணியே கட்டுங்கள் என்று சொல்லவும் முடியாது.

ஒரு சின்னக் கணக்கு. நாளைக்கு ஆறு டயப்பர் என்று வைத்தால் இரண்டரை வருஷத்துக்கு, தொள்ளாயிரம் நாளுக்கு, 5,400 டயப்பர். ராத்திரிக்கு ஒன்று மட்டும் என்றால் 900. மிச்சம் 4,500 டயப்பர் குப்பைக்கே போகவில்லை. எல்லாவற்றையும் துறக்காமலேயே ஆறில் ஐந்து பங்கு மிச்சம். சுத்தமான துணிக் கட்சியும் சுத்தமான காகிதக் கட்சியும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, ராத்திரிக்கு ஒன்று என்று வாங்குகிற அம்மாக்கள் சத்தமில்லாமல் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கணக்கில் வராத கை

இந்த ஆராய்ச்சிகளில் தண்ணீர் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, கார்பன் இருக்கிறது. துவைக்கிறவரின் முதுகுவலி இல்லை. அவற்றைக் குறை சொல்லவில்லை, அவை அளக்க வந்தது சுற்றுச்சூழலை. ஆனால் துணிதான் நல்லது என்று யாராவது பேசும்போது, யாருடைய கையால் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்காக டயப்பர் போட்டுவிட்டால் கை விடுதலையாகிவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. நாம் சுருட்டி எறிந்ததை ஒருவர் எடுக்கிறார். 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரையும் நாப்கினையும் பத்திரமாகச் சுற்றித் தர வேண்டும் என்றும், அதற்கான உறையைத் தயாரிப்பாளரே கொடுக்க வேண்டும் என்றும் சொன்னன. விதி அப்படி. எங்கள் தெருவில் காலையில் வரும் தூய்மைப் பணியாளர் அம்மா, சோற்றுக் குப்பையோடு கலந்து கிடக்கும் டயப்பரைக் கையால்தான் பிரித்து எடுக்கிறார். அன்றைக்குச் சலவைத் தொழிலாளியிடம் மாறிய வேலை இன்றைக்கு இவரிடம் மாறியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதையெல்லாம் படித்து முடித்த அன்று சாயங்காலம் அப்பத்தாவிடம் போய் உட்கார்ந்து, அமெரிக்காவில் வண்டியில் வந்து துணி எடுத்துப் போன கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில், "காசு குடுத்தாகளா அவுகளுக்கு?" என்று கேட்டது. "ஆமா அப்பத்தா, குடுத்தாங்க" என்றேன். "அப்ப சரி" என்று வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டது.

லீவு முடியும் வரைக்கும் எங்கள் வீட்டு ஏற்பாடு இப்படித்தான் ஓடியது. பகலில் வேட்டித் துணி. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு டயப்பர். காலை ஆறு மணிக்குக் கழற்றி, கொஞ்ச நேரம் ஒன்றும் கட்டாமல் வெயில் படாத காற்றில் கிடக்க விடுவாள் அக்கா. இதுவரைக்கும் எதுவும் வேகவில்லை என்று அம்மாவே ஒத்துக்கொண்டாள். டயப்பரைத் தனியாகப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தூய்மைப் பணியாளர் அம்மாவின் கையில் கொடுப்பது என் பொறுப்பு. பகல் துணி துவைப்பதும் என் பொறுப்பு. முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டேன், மூன்றாவது நாள் பழகிவிட்டது. இருபத்தோரு வயசில் முதல்முறையாக ஒரு குழந்தைத் துணியைத் துவைத்திருக்கிறேன் என்பதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது அக்கா கேட்ட கேள்வி: "நீ போனப்புறம் யாருடா துவைக்கறது?"

அப்பா பேப்பரை மடித்துவைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பார்ப்போம்.

டிஸ்கி: எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுவது, புண் வந்தால் என்ன போடுவது என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். அதற்குக் குழந்தை டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் வெறும் தாய்மாமன்.